நம்ம மேட்சுக்கு ஏன் ஆளு வர்றதில்ல? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து கிரவுண்ட வச்சிக்கிட்டு லீக்ல ரெண்டாம் டிவிஷன் விளையாடுற புட்போல் கிளப் எங்களோடது. நான் கமிட்டில இருக்கறதால கோயில்ல பாத்தாலும் கேக்குறாங்க, பஸ்ல பாத்தாலும் கேக்குறாங்க, சாவு வீட்டுல கூட ஒரு மாமா காதுகிட்ட வந்து "என்னப்பா இப்ப உங்க மேட்சுக்கு ஆளே வர்றதில்லையாமே"ன்னு கேட்டாரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதுறேன். இது கமிட்டியோட முடிவுன்னு எடுத்துக்காதீங்க, எங்க கமிட்டில ரெண்டு பேரு ஒரு விஷயத்துல ஒத்துப்போனதே கெடையாது.

நெசமாவே கூட்டம் கொறஞ்சிருக்கா, இல்ல பழைய ஆளுங்க சும்மா அந்தக் காலம் அந்தக் காலம்னு சொல்றாங்களா?

கொறஞ்சிருக்கு. பழைய ஆளுங்க கொஞ்சம் கூட்டிச் சொல்வாங்க தான், அவங்க சொல்ற கணக்குல கூட்டம் வந்திருந்தா கிரவுண்டே தாங்கியிருக்காது. ஆனா டிக்கட் புக்கு பொய் சொல்லாது. முன்னாடி ஹாஃப் டைமுக்குள்ள ஒரு புக்கு முடிஞ்சி ரெண்டாவது புக்கு தேடுவோம், இப்ப ஒரு புக்க அடுத்த மேட்சுக்கும் கொண்டு போறோம். லைன் ஓரமா கயிறு கட்டுறதுன்னு ஒரு வேலை இருந்துச்சு, ஆளுங்க கோட்ட தாண்டி வந்து த்ரோ போட எடம் இல்லாம நிப்பாங்க, அந்தக் கயிறு இப்ப சாமான் ரூம்ல எலி கடிச்சி கெடக்கு. ஸ்டோர் பக்கம் இருக்குற டர்பன்டைன் மரத்துல ஏறி பாத்த பயலுகளும் இல்ல.

அந்த ஆளுங்க எல்லாம் எங்க போனாங்க?

பாதிக் கேள்விக்கு பதில் இதுல தான் இருக்கு. கொழும்புக்கு போயிட்டாங்க.

எங்க மாதிரி கிளப்புக்கு கூட்டம்னா அது டவுன்ல இருந்து வர்ற கூட்டம் இல்ல, கிரவுண்ட சுத்தி தோட்டத்தோட நாலஞ்சு பிரிவு லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, இருக்குற ஆளுங்க தான். ஞாயித்துக்கெழம வேலை இல்ல, சாப்ட்டுட்டு அப்புடியே எறங்கி வந்தா மேட்ச். கம்பனிங்க தோட்டத்த எடுத்தது 1992ல, அப்ப செக்ரோல்ல, அதாவது தோட்டத்து வேலைப் பதிவுல, பேர் இருந்தவங்கள்ல பாதி பேரு கூட இன்னைக்கு இல்ல. நாட்சம்பளம் 1000 ரூவாய்க்கு வர்றதுக்கு 2021 வரைக்கும் இழுத்துச்சு, 1350 ஆனது 2024ல, இப்புடி மெதுவா ஏறுற சம்பளத்துக்கு எந்தப் பய பேர் பதிவான்? ஓஎல் பரீட்சை முடிச்ச கையோட கொழும்புல சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, ஹார்ட்வேர்னு போயிடறான். கொஞ்சம் விவரமானவன் கட்டாருக்கோ துபாய்க்கோ போறான். லயத்துல மிஞ்சுறது வயசானவங்களும் புள்ளைங்களும் கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்களும் தான்.

பாக்குறவன் மட்டும் போகல, விளையாடுறவனும் போயிட்டான். எங்க கீப்பர் வெள்ளவத்தைல ஒரு சாப்பாட்டுக் கடைல நிக்கிறான். கடைக்கு ஞாயித்துக்கெழம தான் யாவாரம், மொதலாளி எப்புடி லீவு குடுப்பாரு? அவன் அம்மாவுக்கு சொகமில்லன்னு சொல்லி சனிக்கெழம ராத்திரி பஸ் ஏறி, விடிய வந்து எறங்கி, ரெண்டு மணித்தியாலம் படுத்துட்டு, மேட்ச் விளையாடிட்டு, குளிச்சும் குளிக்காம திரும்ப பஸ் ஏறுறான். அவன் அம்மா நல்லா கல்லு மாதிரி இருக்காங்க, மேட்ச் தொடங்குனா அவங்க தான் மொதல்ல எட்டிப் பாப்பாங்க.

டிவியும் ஐபிஎல்லும் தான் காரணம்னு சொல்றாங்களே?

எல்லாரும் ஈஸியா சொல்ற பதில் இது. ஐபிஎல் விஷயத்துல கொஞ்சம் உண்மை இருக்கு, மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும் சனி ஞாயிறுல ரெண்டு மேட்ச் இருந்தா மொத மேட்ச் பின்னேரம் 3.30க்கு, நம்ம கிக் ஓஃப்பும் அந்த நேரம் தான். சென்னை விளையாடுற அன்னைக்கு நம்ம மேட்ச் இருந்துச்சுன்னா கமிட்டி ஆளுங்களே போன கையில வச்சிக்கிட்டு தான் டிக்கட் வெட்டுறாங்க.

இங்கிலீஷ் பிரீமியர் லீக்க குத்தம் சொல்றது மட்டும் நியாயமே இல்ல. அங்க சனிக்கெழம பின்னேரம் 3 மணிக்கு தொடங்குற மேட்ச் நமக்கு ராத்திரி 7.30 இல்லன்னா 8.30. நம்ம மேட்ச் முடிஞ்சி ஆளு வீட்டுக்கு போயி சோறு தின்ன பொறவு தான் அங்க விசிலே அடிக்கிறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா அந்த இங்கிலாந்துலயே சனிக்கெழம 2.45ல இருந்து 5.15 வரைக்கும் எந்த புட்போல் மேட்சையும் டிவில லைவ் காட்டக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கு, 1960கள்ல இருந்து. எதுக்குன்னா சின்ன கிளப்புகளோட கிரவுண்டுக்கு ஆளு போகணும்னு தான். 2010ல இருந்து வருஷத்துல ஒரு சனிக்கெழம, நாட்டு டீம் விளையாடுறதுக்காக பெரிய லீக்குங்க லீவு விடுற நாளா பாத்து, எல்லாரும் கீழ் லீக் கிளப்புக்கு போங்கன்னு ஒரு நாளே கொண்டாடுறாங்க. அவ்வளவு காசு பொழங்குற நாட்டுலயே சின்ன கிளப்புக்கு இப்புடி பாதுகாப்பு வேண்டியிருக்கு, நம்மள கேக்க நாதி இல்ல.

இப்பத்த பயலுகளுக்கு புட்போல் ஆர்வமே இல்லையா? எந்த நேரமும் போன் தானே?

அப்புடின்னா தீபாவளி லீவுல, சித்திரை வருஷப் பொறப்பு லீவுல நடக்குற செவன் எ சைட் டோனமென்ட்ட வந்து பாருங்க. கிரவுண்ட சுத்தி நிக்க எடம் இருக்காது. காலைல 8 மணிக்கு ஸ்பீக்கர்ல பாட்டு போட்டா ராத்திரி வரைக்கும் ஓடும், பைனல சில நேரம் வேன் லைட்டு வெளிச்சத்துல கூட முடிச்சிருக்காங்க. வட்டவளைல இருந்து டீம் வருது, பொகவந்தலாவைல இருந்து வருது, அக்கரப்பத்தனைல இருந்து விடியக்காலைல லொறி புடிச்சி வர்றாங்க. போன்ல ஃப்ரீ ஃபயர் விளையாடுறான்னு நாம திட்டுற அதே பய தான் அங்க பூட்ஸ் கடன் வாங்கி எறங்குறான்.

ஆர்வம் கொறையல. லீக் மேட்சுக்கு வராத ஆளு டோனமென்ட்டுக்கு வர்றான், ஏன்னு நான் ரொம்ப நாளா யோசிச்சேன். டோனமென்ட் அன்னைக்கு கொழும்புல இருக்குறவனும் ஊர்ல இருக்கான், அது ஒண்ணு. அப்பறம் திகதி ஒரு மாசத்துக்கு முன்னாடியே போஸ்டர்ல இருக்கு, மழை வந்தாலும் சேத்துலயே விளையாடி முடிக்கிறாங்க, ஒரே நாள்ல யாரு கப் தூக்குனாங்கன்னு தெரிஞ்சிடுது. முக்கியமா அவன் அவன் தோட்டத்து டீம் விளையாடுது. லீக்ல அப்புடியா? எப்ப மேட்ச்னு எங்களுக்கே வெள்ளிக்கெழம தான் தெரியும்.

அப்ப லீக்க விட்டுட்டு டோனமென்ட் மட்டும் விளையாடுங்களேன்?

எங்க கமிட்டிலயே இத சொல்ற ஆளு இருக்காரு, ரெண்டு மூணு பேருக்கு அதுல ஆசையும் கூட. எனக்கு உடன்பாடில்ல. ஏழு பேரு சின்ன கிரவுண்டுல பத்து பத்து நிமிஷம் ஓடுறது ஜாலியா இருக்கும், ஆனா ஒரு பய முழு கிரவுண்டுல தொண்ணூறு நிமிஷம் எடம் பாத்து நிக்கிறது, ஒஃப்சைட் லைன் புடிக்கிறது எல்லாம் லீக்ல தான் படிப்பான். நாளைக்கு ஒருத்தன் மேல போகணும்னா லீக் மேட்ச் விளையாடியிருக்கணும். 2021ல நாட்டோட பெரிய லீக்கா சுப்பர் லீக் தொடங்குனப்போ பத்து டீம்ல ஒண்ணு நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ், மலைநாட்டுல இருந்து அவ்வளவு தூரம் போக முடியும்னு அவங்க காட்டிட்டாங்க. செவன் எ சைட் மட்டும் விளையாடி அங்க போக வழி இல்ல.

மேட்ச் திகதி ஏன் இப்புடி மாறிக்கிட்டே இருக்கு?

என்னைய கேட்டா கூட்டம் கொறஞ்சதுக்கு நம்ம கைல இருக்குற காரணம்னா இது தான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மொதல்ல மழை. மே கடைசில தென்மேற்கு பருவ மழை எறங்குனா செப்டம்பர் வரைக்கும் மஸ்கெலியா, நோட்டன், வட்டவளை பக்கமெல்லாம் எப்ப விடும்னு சொல்ல முடியாது, காசல்ரீ டேம் நெரம்பி வான் பாயுற காலத்துல கிரவுண்டுல தண்ணி நிக்காம இருக்குமா. எங்க கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு, கீழ்ப்பக்கம் கானு, அதத் தாண்டுனா தேயிலை, போல் வெளிய போச்சுன்னா ஒரு பய தேயிலைக்குள்ள எறங்கி காலெல்லாம் அட்டையோட ஏறி வருவான். மழை இல்லாட்டி மிஸ்ட். போன சீசன்ல செகண்ட் ஹாஃப் நடக்குறப்போ பள்ளத்துல இருந்து மிஸ்ட் ஏறுச்சு, ரெஃப்ரி ஒரு கோல் போஸ்ட்டுகிட்ட நின்னு அடுத்த போஸ்ட் தெரியுதான்னு பாத்தாரு, தெரியல, கொஞ்ச நேரம் நிப்பாட்டினாரு. பாத்துக்கிட்டு இருந்தவங்க ஸ்வெட்டர் தொப்பிய காதுக்கு இழுத்து விட்டுக்கிட்டு நின்னாங்க. மிஸ்ட் வெலகுனப்போ கிரவுண்டுல இருவத்திரண்டு பேரும் இருந்தாங்க, பாக்க வந்தவங்கள்ல பாதி பேர காணோம். அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

சரி, வெயில் காலத்துல வைக்கலாமேன்னு கேப்பீங்க. ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் எங்க பக்கம் வெயில் தான், ஆனா அது தான் சிவனொளிபாத மலைக்கு ஆளுங்க யாத்திரை போற சீசனும். டிசம்பர் பௌர்ணமில தொடங்கி வெசாக் வரைக்கும் சனி ஞாயிறுல ஹட்டன்ல இருந்து நல்லதண்ணி வரைக்கும் ரோடு பூரா பஸ்ஸும் வேனும். வெளி டீம் ஒண்ணு எங்க கிரவுண்டுக்கு வர்றதுக்கு எப்பவும் ஆகுறத விட ரெட்டிப்பு நேரம் எடுத்து, ஜெர்சிய பஸ்ஸுக்குள்ளயே மாத்திக்கிட்டு எறங்குனத பாத்திருக்கேன். மாசி பங்குனில தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் திருவிழா வேற, அன்னைக்கு மேட்ச் வச்சா எங்க செண்டர் பேக் காவடி எடுக்கப் போயிடுவான்.

கிரவுண்ட் நம்மளோடது இல்லங்கறது இன்னொரு பாடு. தோட்டத்து கிரவுண்டுக்கு தொரைகிட்ட, அதாவது தோட்டத்து மேனேஜர்கிட்ட, கடிதம் குடுத்து பெர்மிஷன் எடுக்கணும், தொரை மாறுனா மொதல்ல இருந்து எல்லாத்தையும் வெளங்கப்படுத்தணும். டவுன் கிரவுண்ட எடுத்தா கார்னிவல் வந்துடும், போகும்போது கம்பம் நட்ட குழிய மூடாம போவாங்க. மே மாசம்னா மே தினக் கூட்டம், எலக்‌ஷன் வந்தா சொல்லவே வேணாம்.

இதெல்லாம் நம்மளால தடுக்க முடியாது, ஒத்துக்குறேன். ஆனா மேட்ச் இருக்கா இல்லையான்னு புதன்கெழமைக்குள்ள சொல்ல முடியும்ல? நாங்க விளையாடுற லீக்ல இருந்து பிக்ஸர் வியாழக்கெழம ராத்திரி வாட்ஸ்அப்ல வருது, வெள்ளிக்கெழம நேரம் மாறுது, சனிக்கெழம எடம் மாறுது. ஒரு அண்ணன் ரெண்டு தடவ புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கொத்மலைல இருந்து பஸ் மாறி வந்து, மேட்ச் இல்லன்னு திரும்பிப் போனாரு. மூணாவது தடவ அவரு வரல. டிவிய விட, போன விட, இதுல தான் நாம அதிகம் ஆள எழந்திருக்கோம்னு அடிச்சி சொல்வேன்.

பொம்பளைங்க ஏன் மேட்ச் பாக்க வர்றதில்ல?

ஞாயித்துக்கெழமன்னா ஆம்பளைக்கு தான் லீவு. கிழமை பூரா மலையில நின்னவங்களுக்கு அன்னைக்கு தான் துணி, வெறகு, சந்தை, புள்ளைங்க தலைக்கு எண்ணெய். கொழுந்து கூட இருந்தா ஞாயித்துக்கெழமயும் கைக்காசுக்கு எடுக்கப் போவாங்க, கிலோவுக்கு இவ்வளவுன்னு அன்னைக்கே கணக்கு. அதையும் மீறி வந்தா உக்கார எடம் இல்ல, டொய்லட் இல்ல. பக்கத்துல நிக்கிறவன் தண்ணிய போட்டுட்டு ரெஃப்ரியோட அம்மாவ இழுத்து பேசுறான்.

டொய்லட் விஷயத்த நான் ஒவ்வொரு பொதுக்கூட்டத்துலயும் கேக்குறேன். "மொதல்ல போல் வாங்குவோம் தம்பி"ன்னு தான் பதில் வருது. தோட்டத்துல இப்ப மிஞ்சி இருக்குறதே பெரும்பாலும் பொம்பளைங்க தான்னு மேல சொன்னேன்ல, அவங்கள விட்டுட்டு கூட்டத்த வேற எங்க போயி தேடுறது? கீப்பரோட அம்மா எங்க நிக்கிறாங்க தெரியுமா, லயத்து கோடில தண்ணி விழுற பீலிக்கரைல துணி தொவைச்சிக்கிட்டே எட்டி எட்டி பாப்பாங்க, மகன் போல் புடிச்சா மட்டும் வேலைய நிப்பாட்டுவாங்க.

சண்டை நடக்குதுன்னு பயந்து தான் வர்றதில்லன்னு எங்க வீட்டுல சொல்றாங்க.

நடந்துச்சு, பொய் சொல்லல. இப்ப ரொம்ப கொறவு. கூட்டம் இருந்தா தானே சண்டைக்கும் ஆளு கெடைக்கும். போத்தலோட வர்றவன கேட்லயே நிப்பாட்டுறோம், அவன் தேயிலைக்குள்ளால சுத்தி வந்து மேல் பக்கம் நிக்கிறான்.

டிக்கட்ட எடுத்துட்டு ஃப்ரீயா விட்டா என்ன?

விட்டுப் பாத்தோம், பெருசா வித்தியாசம் இல்ல. நூறு ரூவா ஒரு காரணமே இல்ல, ஒரு பிளேன்டியும் ரெண்டு வடையும் திண்டா அதுவே அதுக்கு மேல போகுது. தூரத்துல இருந்து வர்றவனுக்கு செலவு பஸ்ல தான், 2022ல டீசல் வெல ஏறுனப்போ ஏறுன பஸ் காசு பழைய எடத்துக்கு எறங்கவே இல்ல.

டிக்கட் காசுல கிளப் ஓடுதுன்னு நெனைக்காதீங்க. ரெஃப்ரி, லைன்ஸ்மேன் காசு, கோடு போட சுண்ணாம்பு, வெளி டீமுக்கு பிளேன்டி, இதுலயே கை கடிக்குது. மிச்சத்துக்கு கடைக்காரங்ககிட்ட தான் போறோம். கூட்டம் இல்லாட்டி கடைக்காரரும் "எவன் பாக்கப் போறான் ஓங்க பேனர"ன்னு கேக்குறாரு, அந்தக் கேள்விக்கு தான் எங்ககிட்ட பதில் இல்ல.

நோர்வூட் மாதிரி பெரிய ஸ்டேடியத்துல வச்சா வருவாங்கல்ல?

நோர்வூட் கிரவுண்டுல 2017 மே மாசம் மோடி வந்தப்போ மலை பூரா தலையா இருந்துச்சு, அத மனசுல வச்சிக்கிட்டு எல்லாரும் இத கேக்குறாங்க. எங்க மேட்சுக்கு வர்ற ஆள அங்க கொண்டு போயி விட்டா தேடித்தான் கண்டுபுடிக்கணும். அதோட எங்க லயத்து ஆளு நடந்து வர்ற தூரத்துல கிரவுண்ட் இருக்கறதால தான் இவ்வளவு பேராவது வர்றாங்க.

ஃபேஸ்புக்ல லைவ் போடுறீங்களே, அதனால தானே வீட்டுலயே இருக்காங்க?

இல்ல. லைவ் பாக்குற ஆளோட பேர பாருங்க, எல்லாம் டோஹா, ஷார்ஜா, இல்லன்னா கொழும்பு கொட்டாஞ்சேனை. அவங்க எப்புடியும் கிரவுண்டுக்கு வர முடியாதவங்க தான். ஊர்ல இருக்குறவன் டேட்டா காட் போட்டு அந்த ஆடுற வீடியோவ பாக்குறதுக்கு வெளிய வந்து நின்னு பாத்துட்டுப் போவான். லைவ் போட்டதுல ஷார்ஜால இருக்குற ஒரு தம்பி கோல் நெட் ரெண்டுக்கும் காசு அனுப்பினான், நெட்டுல இருந்த ஓட்டைய அவன் வீடியோல பாத்துட்டானாம்.

நாட்டு டீம் நல்லா விளையாடுனா கீழ கூட்டம் வருமா?

கொஞ்சம் பேச்சு வரும், கூட்டம் வராது. 1995ல கொழும்புல இந்தியாவ பைனல்ல தோக்கடிச்சி தெற்காசிய கப்ப எடுத்தப்போ கொஞ்ச நாள் எல்லாருக்கும் புட்போல் பைத்தியம் புடிச்சிச்சாம், எங்க அப்பா இன்னும் சொல்வாரு. 2023 ஜனவரில ஃபீஃபா தடை போட்டுச்சு, ஆகஸ்ட்ல தான் எடுத்துச்சு, அந்த மாசங்கள்ல ஸ்பொன்சர் கேட்டுப் போனா "தடை பண்ண வெளையாட்டுக்கு எதுக்குப்பா காசு"ன்னு கேட்டாங்க. 2024 செப்டம்பர்ல கம்போடியாவ அவங்க ஊர்லயே பெனல்ட்டில ஜெயிச்சப்போ எங்க பயலுக ராத்திரி கத்துன கத்துல லயத்து நாயெல்லாம் எழும்பிடுச்சு. ஞாயித்துக்கெழம மேட்சுக்கு எப்பவும் வர்ற அதே ஆளுங்க தான் வந்தாங்க.

புயலுக்குப் பொறகு இதெல்லாம் தேவையான்னு ஒருத்தர் கேட்டாரு.

2025 நவம்பர் கடைசில டிட்வா புயல்ல மண்சரிஞ்சி வீடும் ஆளும் போன எடத்துல போயி புட்போல் பத்தி பேசுனா அடிக்க வருவாங்க, சரி தான். எங்க பயலுகளும் அந்த நேரம் மண்வெட்டி தான் தூக்குனாங்க, போல தொடல. பொறகு ரோடு தொறந்து ஸ்கூல் தொறந்ததும் மொதல்ல வந்து "அண்ணே எப்ப ப்ராக்டிஸ்"னு கேட்டது சின்னப் புள்ளைங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் வாதாட விரும்பல.

நான் கொழும்புல இருக்கேன், ஊர் கிளப்புக்கு என்ன செய்யலாம்?

தீபாவளிக்கு, பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்கல்ல, அந்த ஞாயித்துக்கெழமைங்கள்ல ஹோம் மேட்ச் தாங்கன்னு லீக்ல எழுதிக் கேட்டிருக்கோம், குடுத்தா டோனமென்ட்டுக்கு நிக்கிற மாதிரி வந்து நில்லுங்க. கடை வச்சிருக்குறவங்க யாராவது இருந்தா ஓங்க கடைல வேலை செய்யுற நம்ம பயலுக்கு மாசத்துல ரெண்டு ஞாயிறு லீவு குடுங்க, அம்மாவுக்கு சொகமில்லன்னு சொல்லாமலே வரட்டும். காசு அனுப்புறதா இருந்தா ஒரு மேட்சுக்கு ரெஃப்ரி காச ஏத்துக்கோங்க, இல்ல டொய்லட்டுக்குன்னு சொல்லி அனுப்புங்க, "போல் வாங்குவோம்"னு யாரும் திருப்ப முடியாத மாதிரி கடிதத்துலயே எழுதிடுங்க. ஜெர்சி மட்டும் தயவுசெஞ்சி வேணாம். எல்லாரும் அவங்க அவங்க கடை பேரப் போட்டு ஜெர்சி தான் அனுப்புறாங்க, சாமான் ரூம்ல மூணு பெட்டி இருக்கு, அதுல ரெண்டு பெட்டி பூரா எக்ஸ்எல் சைஸ், எங்க டீம்ல அந்த சைஸ்ல இருக்குறது பொருளாளர் ஒருத்தர் தான்.